ஒன்பது நாளாகியும் பக்கத்தில் வராத குதிரை

கேள்வி:

விலங்குகள் மீட்பு நிலையம் ஒன்றிலிருந்து ஒரு குதிரையைத் தத்தெடுத்து ஒன்பது நாள் ஆகிறது. வண்டி இழுத்த குதிரை. காயடித்த ஆண். வயது பன்னிரண்டு இருக்கலாம் என்றார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெலிவு. மீட்டு மூன்று வாரம் அங்கே வைத்திருந்த பிறகுதான் எங்களிடம் கொடுத்தார்கள். லாயம் இருக்கிறது, வேலியடைத்த மேய்ச்சல் இடமும் இருக்கிறது. வேறு குதிரை கிடையாது.

யாராவது உள்ளே போனால் லாயத்தின் கடைசி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறான். கையை உயர்த்தினால் உடம்பெல்லாம் நடுங்குகிறது. இடது பக்கமாகப் போனால் ஓரளவு பொறுத்துக்கொள்கிறான், வலது பக்கம் போனால் துள்ளி விலகுகிறான். காய்ந்த புல் போட்டால் பாதியை மென்று உருண்டையாகக் கீழே துப்பிவிடுகிறான். புல் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இரவில் எப்போது போய்ப் பார்த்தாலும் நின்றுகொண்டே இருக்கிறான். ஒரு பெயர் வைத்தோம், கூப்பிட்டால் காதைக்கூடத் திருப்புவதில்லை.

சீக்கிரம் உடம்பு தேறத் தவிடும் தானியமும் வாளி வாளியாகக் கொடுங்கள் என்கிறார் என் கணவரின் நண்பர். முன்பு குதிரை வைத்திருந்தவர். யார் எஜமான் என்று முதலிலேயே காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்றும் சொல்கிறார். பதின்மூன்று வயது மகள், எப்போது ஏறலாம் என்று தினமும் கேட்கிறாள். நாங்கள் செய்வது சரிதானா? இவனுக்கு எங்களைப் பிடிக்கவே இல்லையோ என்று நினைத்தால் இரவில் அழுகையாக வருகிறது.

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் அழுதுகொண்டு கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன், போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். புல்லை மென்று உருண்டையாகத் துப்புகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிடிக்காததால் செய்வது அல்ல. பட்டினி கிடந்து வந்த குதிரை வாய்க்கு வந்த புல்லைத் துப்பாது. அவனால் மெல்ல முடியவில்லை. குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரை இந்த வாரத்துக்குள் வரவழைத்து வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவை கொஞ்சம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஈறுக்குள்ளிருந்து ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். புல்லை அரைக்க அரைக்கத் தேய்ந்துகொண்டும் இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால் இந்தத் தேய்மானம் சீராக நடப்பதில்லை. மேல்பற்களின் வெளி விளிம்பும் கீழ்ப்பற்களின் உள் விளிம்பும் தேயாமல் மிஞ்சிக் கத்தி முனையாகிவிடும். மேலே இருப்பது கன்னத்தைக் கிழிக்கும், கீழே இருப்பது நாக்கைக் கிழிக்கும். ஒவ்வொரு வாய்க்கும் இந்த வலி. வேலை வாங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு வருடம் வாயைத் திறந்தே பார்க்காமல் விட்டிருந்தால், ஒரு பல் உடைந்தோ சொத்தையாகியோகூட இருக்கலாம். அவன் மெலிந்ததற்குத் தீனி கிடைக்காதது மட்டும்தான் காரணம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கிடைத்ததையும் தின்ன முடியாமல் போயிருக்கலாம்.

மருத்துவர், குதிரை நின்றபடியே மயங்கி இருக்கும்படி ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்கும் கருவியை மாட்டி, கூர் விளிம்புகளை அரத்தால் ராவிவிடுவார். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஊசி போடாமல் நாலு பேர் பிடித்துக்கொண்டு செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மனிதர்கள் பிடித்து அமுக்குவது இவனுக்குப் புதிதல்ல, உங்கள் வீட்டில் அது மறுபடி நடக்கக் கூடாது. மருத்துவர் வரும்வரை புல்லைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கொடுங்கள். சரியாக மெல்லாமல் விழுங்கிய புல் உணவுக்குழாயில் அடைக்கும், இல்லையென்றால் குடலில் போய் அடைக்கும்.

மருத்துவர் வந்திருக்கும்போதே வலது கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். வலது பக்கம் போனால் விலகுகிறான் என்கிறீர்களே, இதற்கு மூன்று காரணம் இருக்க முடியும். குதிரைகளை இடது பக்கமிருந்தே கையாளுவது வழக்கம் என்பதால் வலது பக்கம் மனிதர் வருவதே அவனுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். இல்லையென்றால், அந்தப் பக்கத்திலிருந்து அடி வாங்கியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் அந்தக் கண் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். கண்ணின் உள்ளே திரும்பத் திரும்ப வரும் அழற்சி ஒன்று குதிரைகளில் அதிகம். கண் நீர் வடியும், இமை பாதி மூடியிருக்கும், பாவையில் புகைமூட்டம் போலத் தெரியும். கவனிக்காவிட்டால் பார்வையே போகும். மூன்றில் எது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வண்டிக் குதிரைகளுக்குக் கண்ணின் ஓரத்தில் தோல் மறைப்பு கட்டியிருப்பார்கள். வேலை நேரம் முழுவதும் நேர் எதிரே இருப்பதை மட்டும் பார்த்தவனுக்கு இப்போது பக்கவாட்டில் உள்ளதெல்லாம் தெரிகிறது. கூட்டுகிற துடைப்பமும் காற்றில் ஆடுகிற துணியும் அவனுக்குப் புதுசு.

இனி தீனி. தவிடு, தானியம் வாளி வாளியாக வேண்டாம். ஒரு கையளவுகூட இப்போது வேண்டாம். கணவரின் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த நல்லெண்ணத்தால் செத்த குதிரையைப் பார்த்தவன் நான். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு அது. எலும்பும் தோலுமாக இருந்த ஒரு பெண் குதிரையை ஒரு குடும்பம் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தது. அவ்வளவு அன்பான மனிதர்கள். முதல் இரவே ஒரு பெரிய வாளி நிறையத் தானியம் வைத்தார்கள். அது முகத்தை வாளியிலிருந்து எடுக்காமல் தின்றதைப் பார்த்து எல்லோரும் கண் கலங்கியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அதற்கு எழுந்திருக்கத் தெம்பில்லை, மதியத்துக்குள் போய்விட்டது. அந்த வீட்டு அம்மா என்னிடம், "நாங்கள் நன்றாகத்தானே சாப்பிடக் கொடுத்தோம்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் கொழுப்பையும் பிறகு தன் தசையையுமே கரைத்து உயிர் வாழும். பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற உப்புகளின் கையிருப்பு மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மாவுச்சத்து மொத்தமாக வந்து சேர்ந்தால் இன்சுலின் வேகமாகச் சுரந்து, சர்க்கரையோடு சேர்த்து ரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்த உப்புகளையும் செல்களுக்குள் இழுத்துவிடும். அவை இல்லாமல் இதயமும் மூச்சுவிடும் தசைகளும் நின்றுபோகும். தீனி தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் பெரிய ஆபத்து. இரண்டாம் உலகப்போர் முடிந்து, பட்டினி கிடந்த மனிதர்களுக்கு வயிறார உணவு கொடுத்தபோதும் இதே மாதிரி சாவுகள் நடந்தன.

பட்டினிக் குதிரைகளுக்கு எதைக் கொடுத்தால் பிழைக்கும் என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். மிகப் பாதுகாப்பானது என்று அவர்கள் கண்டது குதிரை மசால் என்ற தீவனப் பயிர். அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் பாஸ்பரஸும் மெக்னீசியமும் அதிகம். முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வேளைக்கு அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவாக மட்டும். நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளைகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பத்து நாளுக்குப் பிறகு வேண்டிய அளவு புல். தானியத்தை உடம்பு நன்றாகத் தேறிய பிறகுதான் நினைக்கவே வேண்டும்.

உங்கள் குதிரை இந்த ஆபத்தான நாட்களை மீட்பு நிலையத்திலேயே கடந்துவிட்டான். அவர்கள் பொறுமையாகச் செய்திருக்கிறார்கள், அதனால்தான் மூன்று வாரம் வைத்திருந்திருக்கிறார்கள். ஆனாலும் தானியம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். ஒரேயடியாகத் தானியம் தின்றால் செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகும். அதனால் வயிற்றுவலி வரும், இன்னும் மோசமாகப் போனால் குளம்புக்குள் அழற்சி வரும். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் மென்தகடுகள் பிய்ந்துபோகிற வியாதி அது. அப்படிப்பட்ட ஒரு குதிரை நிற்கும் வேதனையை ஒருமுறை பார்த்தவர் தானிய வாளியை மறுபடி தூக்க மாட்டார்.

எவ்வளவு புல் என்பதற்கு எடை தெரிய வேண்டும். பெரிய தராசு தேவையில்லை, தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததைத் தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். நெஞ்சுச் சுற்று 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. அந்த எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 7 கிலோ காய்ந்த புல் வேண்டும். இதை ஒரே குவியலாகப் போடாமல் பகல், இரவு முழுவதும் பரவலாகக் கிடைக்கும்படி வையுங்கள். குதிரையின் இரைப்பை எந்நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், ஆனால் உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வாயில் புல் இல்லாமல் நின்றால் இரைப்பை புண்ணாகத் தொடங்கும். பக்கத்தில் ஓர் உப்புக்கட்டி, எந்நேரமும் நல்ல தண்ணீர். ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிப்பான்.

இப்படிக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் கண்ணில் தெளிவு தெரியும். ஒரு மாதத்தில் எடை கூடியது தெரியும். பழைய எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். 1983-இல் டான் ஹென்னெக் என்பவர் வகுத்த, ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண் முறை ஒன்று உண்டு. எலும்பும் தோலும் ஒன்று, கொழுத்து உருண்டது ஒன்பது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவன் இரண்டில் இருக்கிறான். ஐந்துக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும்.

அவன் படுப்பதே இல்லை என்று எழுதியதற்கு வருகிறேன். குதிரை நின்றுகொண்டே தூங்கும், அதனால் பரவாயில்லை என்று பலரும் சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை. முழங்கால் சில்லைப் பூட்டிக்கொண்டு நின்றபடி இலேசாகத் தூங்க அதனால் முடியும். கனவு காணும் ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தத் தூக்கத்தில் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடும். நாளுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் அந்தத் தூக்கம் போதும், ஆனால் வாரக்கணக்கில் இல்லாமல் இருக்க முடியாது. தூக்கம் கெட்ட குதிரை நின்றபடி கண் சொக்கி, முன்னங்கால் மடங்கித் தடாலென்று சரியும். முன்னங்கால் கணுவின் முன்புறம் சிராய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுதான் நடக்கிறது.

ஏன் படுக்கவில்லை? மூட்டுவலி ஒரு காரணமாக இருக்கலாம், அதையும் மருத்துவர் பார்க்கட்டும். ஆனால் நான் அதிகம் சந்தேகப்படுவது வேறொன்றை. படுத்த குதிரை எழுந்து ஓட நேரமாகும், அதனால் பத்திரம் என்று தோன்றாத இடத்தில் அது படுக்காது. கூட்டத்தில் ஒன்று படுத்தால் இன்னொன்று பக்கத்தில் நின்று காவல் காக்கும். உங்கள் வீட்டில் இவனுக்குக் காவல் நிற்க யாருமில்லை. தரையில் நல்ல கனமாக வைக்கோலோ மரத்தூளோ பரப்புங்கள், லாயக் கதவைத் திறந்து வைத்து மேய்ச்சல் இடத்துக்குப் போய்வர விடுங்கள். அதற்கு மேல் நான் உங்களிடம் கேட்பது கொஞ்சம் பெரிய விஷயம். இன்னொரு குதிரை வேண்டும். செலவு, இடம், வேலை எல்லாம் கூடும் என்று தெரியும். ஆனாலும் தனியாக வளரும் குதிரையை முழுக்க நலமாக வைத்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அதே மீட்பு நிலையத்தில் சாதுவான, வயதான குதிரை ஒன்று நிச்சயம் காத்திருக்கும், கேட்டுப் பாருங்கள். கழுதையோ ஆடோகூடத் துணையாகும், ஆனால் குதிரைக்குக் குதிரைதான் சரி. வருகிற புதியதை மூன்று, நான்கு வாரம் தனியே வைத்து, தினமும் காய்ச்சல் பார்த்து, அதன் பிறகே சேர விடுங்கள். தொண்டையில் கட்டி கட்டும் தொற்றுநோய், தொற்றிய இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். குதிரையின் இயல்பான வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். 38.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, உங்களை அழவைத்த கேள்வி. அவனுக்கு உங்களைப் பிடிக்கவில்லையா? அவனுக்கு இன்னும் உங்களைத் தெரியவே தெரியாது. அவனுக்குத் தெரிந்த மனிதர்கள் வேறு. கை உயர்ந்தால் அடுத்து என்ன வரும் என்று பல வருடம் அவனுக்குப் பாடம் நடந்திருக்கிறது. அந்தப் பாடத்தை ஒன்பது நாளில் எப்படி மறப்பான்? இப்போது அவனுக்கு வேண்டியது கொஞ்சலும் அல்ல, இனிய பேச்சும் அல்ல. நேற்று நடந்ததே இன்றும் நடக்க வேண்டும், இன்று நடந்தது நாளையும் நடக்க வேண்டும். அதே நேரத்தில் தீனி, அதே ஆள், அதே வழியாக உள்ளே வருவது, அதே மாதிரி ஒரு குரல் கொடுத்துவிட்டு வருவது. அடுத்து என்ன என்று முன்கூட்டியே தெரிந்த குதிரைக்குப் பயம் குறையும். இப்போதைக்கு உங்கள் அன்பை அவன் புரிந்துகொள்ளக் கூடிய மொழி இது ஒன்றுதான். பெயரும் அப்படித்தான் பழகும். தீனி வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதே தொனியில் கூப்பிடுங்கள், ஒருநாள் காது திரும்பும்.

மூலையில் நிற்கும்போது அவனிடம் போகாதீர்கள். சுவரைப் பார்த்து நிற்கிறான் என்றால் பின்னங்கால்கள் உங்களைப் பார்த்து இருக்கின்றன. ஓட வழியில்லாத குதிரைக்கு உதைப்பது தவிர வேறு வழி கிடையாது. அவனோடு பழகுவதெல்லாம் திறந்த வெளியில் நடக்கட்டும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். தெரியாத இடம் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான். நாமோ அன்பாக நெற்றியைத் தடவ நேராகக் கையை நீட்டிக்கொண்டு போகிறோம். அவனுக்கு அந்தக் கை திடீரென்று மறைந்துபோகிறது. அதனால் குரல் கொடுத்தபடி, தோளை நோக்கிச் சாய்வாக, மெதுவாக நடங்கள். அவன் தலையை உயர்த்தினாலோ உடம்பு விறைத்தாலோ அங்கேயே நில்லுங்கள். அவன் நகராமல் ஒரு மூச்சு விட்டதும் நீங்கள் திரும்பி விலகிப் போய்விடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது நாம் நெருக்கும்போது அல்ல, நெருக்கடி விலகும் அந்த நொடியில்தான். அசையாமல் நின்றேன், ஆபத்து போய்விட்டது என்று அவன் குறித்துக்கொள்வான். அடுத்த நாள் இரண்டடி கூடுதலாக விடுவான். பத்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு முறை.

தொடவிடும் நாள் வரும். அன்றைக்கு முகத்தைத் தொடாதீர்கள், தட்டியும் கொடுக்காதீர்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டுக்குச் சற்று முன்னால் விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. பிரான்சின் காமார்க் குதிரைகளை வைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இடத்தைச் சொறிந்தபோது இதயத் துடிப்பு குறைந்தது, வேறு இடத்தில் சொறிந்தபோது குறையவில்லை. தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, ஒரு பின்னங்கால் தளர்ந்தால் அவனுக்கு அது இதமாக இருக்கிறது என்று அர்த்தம்.

எஜமான் யார் என்று காட்டச் சொன்ன யோசனையை நான் முழுதாக மறுக்கிறேன். அதை இந்தக் குதிரைக்கு ஏற்கனவே காட்டிவிட்டார்கள், அதன் விளைவைத்தான் மூலையில் பார்க்கிறீர்கள். அதற்காக அவன் இழுத்த இழுப்புக்கெல்லாம் போக வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களை இடித்துக்கொண்டு போக விடக் கூடாது, கையிலிருந்து பிடுங்கித் தின்ன விடக் கூடாது. தீனியைக் கையில் கொடுக்காமல் வாளியில் கொடுங்கள், கடிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. எல்லை வேண்டும், ஆனால் எல்லை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கோபம் வந்த நாளில் ஒன்று, கொஞ்சல் வந்த நாளில் இன்னொன்று என்று இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு இப்போது தேவைப்படாத ஒன்றையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அது நடக்கும் நேரத்தில் நீங்கள் எனக்கு எழுதக்கூட மாட்டீர்கள், மனம் உடைந்து போயிருப்பீர்கள். இரண்டு, மூன்று மாதத்தில் எடை ஏறியிருக்கும், பல்வலி போயிருக்கும். அப்போது ஒருநாள் அவன் தலைக்கயிறு மாட்ட விடாமல் ஓடுவான். காலைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வான். சாதுவாக இருந்தவன் கெட்டுப்போய்விட்டான் என்று தோன்றும். தத்தெடுத்த குதிரைகளைத் திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் கொடுக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே ஐந்தாறு வீடுகளில் நடந்திருக்கிறது. அவன் கெட்டுப்போகவில்லை. இத்தனை நாளும் மறுக்கத் தெம்பில்லாமல் இருந்தான். இப்போது தெம்பு வந்திருக்கிறது, மறுத்தால் அடி விழாது என்ற தைரியமும் கொஞ்சம் வந்திருக்கிறது. முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு படி பின்னால் போய், பழைய பாடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். முதல் தடவையைவிட வேகமாக நடக்கும்.

மகளிடம் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கு ஏறுவது கிடையாது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேணத்தோடு சேர்த்துச் சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கில் அவள் எடை ஒரு பிரச்சினையே அல்ல. பிரச்சினை முதுகு. பட்டினியில் கரைந்த முதுகுத் தசை, உடம்பில் கடைசியாகத் திரும்பி வருவது. அது வராமல் சேணம் வைத்தால் எலும்பின் மேல் உட்காருவது போலத்தான். அதோடு, அவன் வண்டிக் குதிரை. முதுகில் ஆள் ஏறியதே இல்லாமல் இருக்கலாம், புதிதாகத் தெரிந்தவர் வைத்துப் பழக்க வேண்டியிருக்கும். அதுவரை அவளுக்கு வேறு யாராலும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் மேய்ச்சல் இடத்தின் வேலிக்கு வெளியே உட்கார்ந்து பாடப் புத்தகம் படிக்கட்டும். அவனைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். தன்னிடம் எதுவும் எதிர்பார்க்காத ஒரு மனிதப்பிறவியை அவன் பார்த்திருக்கவே மாட்டான். அவன்தான் முதலில் பக்கத்தில் வருவான், பெரும்பாலும் அவளிடம்தான் வருவான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடற்புழு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், லத்தியைப் பரிசோதித்த பிறகு மருத்துவர் கொடுக்கட்டும். மெலிந்த குதிரைக்கு மாக்ஸிடெக்டின் என்ற மருந்து ஆபத்து, மற்ற மருந்துகளிலும் புழுக்கள் மொத்தமாகச் செத்தால் வயிற்றுவலி வரலாம். பழைய ஊசி விவரம் தெரியாததால் டெட்டனஸ் தடுப்பூசி எதுவுமே போடாததாக நினைத்து, நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். முதல் முறை நாலு காலையும் ஒரே நாளில் முடிக்கத் துடிக்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு கால் போதும். மேய்ச்சல் இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். முள்கம்பி இருந்தால் எடுத்துவிடுங்கள், அரளி இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். அரளியின் உலர்ந்த இலைகூடக் குதிரையைக் கொல்லும், கொஞ்சமே போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. அவன் திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தாலோ, முன்னங்காலால் தரையைக் கீறினாலோ, படுத்துப் புரண்டாலோ, அரை நாளாக லத்தி போடாமல் தீனியைத் தொடாமல் இருந்தாலோ, தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கியது தானாக வெளியே வராது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலைக்குள் முடிந்துவிடும்.

பல் பார்த்த பிறகு மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், வலது கண்ணைப் பற்றியும். அப்புறம், லாயத்துக்குப் போகும்போது அவன் முதுகிலும் வாலிலும் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். ஒட்டியிருந்தால் இரவில் படுத்திருக்கிறான். அது எந்த நாள் என்று தேதியோடு எழுதுங்கள்.